பைலுக்குள் ஐந்து பெயர், பிள்ளை ஒன்று

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் கிளினிக் பைலை மேசையில் விரித்தால் அநேகமாக இப்படித்தான் இருக்கும். ஆக அடியில், இரண்டு வயதில் எழுதிய துண்டு: பேச்சுத் தாமதம். அதன் மேல் மூன்றரை வயதுக் கடிதம்: பொது வளர்ச்சித் தாமதம், ஓட்டிசத்தின் சாயல். பிறகு தனியார் இடம் ஒன்றில் எடுத்தது: பிடிடி-என்ஓஎஸ் (எந்த வகைக்குள்ளும் சரியாக அடங்காத ஓட்டிசம்). ஆறு வயதில்: ஓட்டிசம் ஸ்பெக்ட்ரம், நிலை 2. ஆக மேலே போன வருடத்துக் கடிதம்: நிலை 1, கூடவே ஏடிஎச்டி (கவனக் குறைவும் அதீத துறுதுறுப்பும்). அம்மம்மா கேட்பார்: "முதல் சொன்னது பிழையோ, இப்ப சொல்றது பிழையோ?"

நியாயமான கேள்வி. பல நேரம் இரண்டுமே பிழையில்லை. ஆனாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் ஏன் வந்தது என்று டொக்டரிடமே கேட்டு, அந்தக் கடிதத்தின் போட்டோ கொப்பியில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். பெயர் வைக்க வைத்தியர்கள் பார்க்கும் புத்தகம் மாறியிருக்கலாம். பிள்ளை வளர்ந்திருக்கலாம். அல்லது முதலில் எழுதியது பிழையாகவோ பூசி மெழுகியதாகவோ இருந்திருக்கலாம். புத்தகம் மாறியதென்றால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பிள்ளை வளர்ந்ததென்றால் தெரபியின் இலக்குகளை மாற்ற வேண்டும். மூன்றாவது என்றால், அந்தப் பெயரை நம்பி எதையெல்லாம் செய்யாமல் விட்டோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

புத்தகம் மாறிய விதம்

1943 இல் லியோ கானர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். மறுவருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது ஜெர்மன் மொழியில் இருந்ததால் பெரிதாக வெளியே தெரியவில்லை. 1981 இல் லோர்னா விங் எழுதிய பிறகே ஆங்கில உலகில் அந்தப் பெயர் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கைநூல் 1980 இல்தான் ஓட்டிசத்துக்குத் தனி இடம் கொடுத்தது. 1994 இல் வந்த நான்காம் பதிப்பு அதை ஐந்து லாச்சிகளாகப் பிரித்தது: ஓட்டிசம், ஆஸ்பெர்கர் (பேச்சு பிந்தாத வகை), ரெட் (பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வரும், கற்றதை இழக்கும் நோய்), பிள்ளைப் பருவச் சிதைவுக் கோளாறு, இவை எதிலும் சரியாக அடங்காதவர்களுக்கு பிடிடி-என்ஓஎஸ். நடைமுறையில் ஒரே பிள்ளை ஒரு டொக்டரிடம் ஆஸ்பெர்கராகவும் இன்னொருவரிடம் பிடிடியாகவும் ஆனது. 2013 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பு லாச்சிகளைக் கழற்றி, ஓட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று ஒரே பெட்டியாக்கியது. ரெட் மட்டும் வெளியே போனது. அதற்குக் காரணமான மரபணு 1999 இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

பழைய கடிதம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் ஒரு வரி அந்த ஐந்தாம் பதிப்பிலேயே இருக்கிறது. நான்காம் பதிப்பின்படி ஓட்டிசம், ஆஸ்பெர்கர், பிடிடி-என்ஓஎஸ் என்று தெளிவாக நிர்ணயிக்கப்பட்டவர்களுக்கு ஓட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரையே கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே 2011 கடிதத்தில் ஆஸ்பெர்கர் என்று இருந்தால், பெயரைப் புதுப்பிக்க மட்டும் காசு கொடுத்து முழு டெஸ்டையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. பார்க்கிற டொக்டரிடம் புதுக் கடிதம் கேட்டால் போதும்.

ஏடிஎச்டி புதிதாக வந்து ஒட்டிக்கொண்டதற்கும் இதே புத்தகம்தான் காரணமாக இருக்கலாம். 2013 க்கு முன் டிஎஸ்எம் விதிப்படி ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று சேர்த்து எழுத முடியாது. இப்போது முடியும். பிள்ளை திடீரெனக் குழப்படி கூடியதால் வந்த பெயர் என்று வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி இன்னொரு புத்தகம். கடிதத்தில் எஃப் 84 என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் அது ஐசிடி-10: எஃப் 84.0 பிள்ளைப் பருவ ஓட்டிசம், 84.1 வழமைக்கு மாறான ஓட்டிசம், 84.5 ஆஸ்பெர்கர். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 இல் எல்லாமே 6ஏ02. புள்ளிக்குப் பின்னால் வரும் எண், அறிவு வளர்ச்சியில் குறை உண்டா, பயன்பாட்டுப் பேச்சு எவ்வளவு என்பதைச் சொல்லும். ஒரே கடிதத்தில் டிஎஸ்எம் பெயரும் பழைய எஃப் இலக்கமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் பதறத் தேவையில்லை, இரண்டும் ஒரே பிள்ளையைத்தான் சொல்கின்றன.

(ஆஸ்பெர்கர் என்ற பெயரைச் சிலர் வாயால் சொல்வதையே விட்டுவிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாஜிகள் பிள்ளைகளைக் கொன்ற வியன்னா நிலையத்துக்கு அவர் பிள்ளைகளை அனுப்பியது 2018 இல் ஆவணங்களோடு வெளிவந்தது. புத்தகம் பெயரை நீக்கியது அதற்கு ஐந்து வருடம் முன்பே.)

வயது மாற்றும் பெயர்கள்

பொது வளர்ச்சித் தாமதம் என்பது ஐந்து வயதுக்குக் கீழே மட்டும் பாவிக்கும் பெயர். சின்னப் பிள்ளையைச் சரியாக அளக்க முடியாத காலத்தில் போடும் தற்காலிகப் பெயர் என்பதால், பின்னர் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் கடிதத்தில் இன்னும் அதுவே இருந்தால் யாரும் திரும்பப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உடனே திகதி எடுக்க வேண்டிய பைல் அது.

நிலை 1, 2, 3 விடயத்தில்தான் கொழும்பில் ஆகக் கூடிய குழப்பத்தைக் காண்கிறோம். நிலை என்பது எவ்வளவு உதவி தேவை என்பதன் அளவு. 1 என்றால் உதவி தேவை, 2 என்றால் கணிசமான உதவி, 3 என்றால் மிக அதிக உதவி. சமூகத் தொடர்பாடலுக்கு ஒன்று, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைக்கு ஒன்று என இரண்டு எண்கள் வர வேண்டும். கடிதத்தில் ஒரே எண் இருந்தால் எதற்கான எண் என்று கேளுங்கள். இடத்தையும் காலத்தையும் பொறுத்து நிலை மாறலாம் என்று புத்தகமே சொல்கிறது. இந்த எண்ணை வைத்துச் சேவை கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அதே புத்தகம் சொல்கிறது. 'நிலை 2 என்றால் எடுக்க மாட்டோம்' என்று ஒரு பாடசாலை சொன்னால், புத்தகம் சொல்லாததைச் சொல்கிறது.

புள்ளிகளையும் அதன் அளவுக்குத்தான் நம்ப வேண்டும். பெற்றோர் நிரப்பும் எம்-சாட் வினாக்கொத்தின் திருத்திய பதிப்பில் 20 கேள்விகள், 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு. 0 முதல் 2 குறைந்த ஆபத்து, 3 முதல் 7 நடுத்தரம், 8 முதல் 20 வரை அதிகம். இது சலித்தெடுக்கும் வினாக்கொத்து மட்டுமே, இதை வைத்து ஓட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. இல்லை என்றும் கட்ட முடியாது. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009 இல் வெளியான ஆய்வொன்று 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை எம்-சாட் தனியாகப் பிடிக்கவில்லை. "ஆன்லைன்ல போட்டுப் பார்த்தம், புள்ளி 2 தான்" என்று ஆறுதல்பட்டு இருந்துவிட வேண்டாம். பிள்ளையைப் பார்த்துப் புள்ளி போடும் கார்ஸ் அளவுகோல் என்றால் 15 விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4. கூட்டுத்தொகை 30 க்குக் கீழே இருந்தால் ஓட்டிசத்தின் எல்லைக்கு வெளியே, 30 முதல் 36.5 வரை மிதமானது, 37 இலிருந்து கடுமை. 29.5 க்கும் 30 க்கும் இடையே நிற்கும் பிள்ளையின் பெயர், அன்று காலை அது நித்திரை கொண்டதா இல்லையா என்பதிலேயே மாறிவிடும்.

எந்த மொழியில் பார்த்தார்கள்

ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். வீட்டில் தமிழ், வேலைக்கு உதவும் அம்மாவோடும் கிளினிக்கிலும் சிங்களம், நர்சரியில் ஆங்கிலம், போனில் அமெரிக்கக் கார்ட்டூன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு நாள் இதுதான். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலப் பட அட்டையை நீட்டி பனிமனிதனையும் கம்பளிக் கையுறையையும் காட்டச் சொன்னால், தெரியாதது பிள்ளைக்கா அட்டைக்கா என்று பிரிக்க முடியாது. அப்படி எடுத்த புள்ளியின் பலத்தில் 'அறிவு வளர்ச்சிக் குறைபாடு' என்ற பெயர் பைலுக்குள் ஏறினால், பிறகு அதை இறக்குவது பெரும் பாடு. அந்தப் பெயருக்கு புத்திக் கூர்மைப் புள்ளி மட்டும் போதாது. உடுப்பது, சாப்பிடுவது, கடையில் சாமான் கேட்பது போன்ற அன்றாடத் திறன்களையும் தனியாக அளந்திருக்க வேண்டும். அளந்ததற்கு ரிப்போர்ட்டில் அடையாளம் இல்லையென்றால் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளராக அம்மாவே உட்காரும்போது வேறொரு பிழை வரும். டெஸ்ட் செய்பவர் சிங்களத்தில் சொல்வார், அம்மா தமிழில் சொல்வார்: "பந்தை எடுத்துப் பெட்டிக்குள்ள வை." சொல்லும்போது அம்மாவின் கண் பந்துக்குப் போகும், பிறகு பெட்டிக்கு. கை கொஞ்சம் உயரும். பிள்ளை கண்ணையும் கையையும் பார்த்துச் செய்துவிடும், சொல்லை விளங்கிச் செய்தது என்று புள்ளி விழும். வீட்டில் ஒரு தரம் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அதே கட்டளையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பதிலும் வித்தியாசமாக இருந்தால் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் அப்பாவோ மாமியோ மொழிபெயர்க்க, அம்மா பின்னால் இருப்பது நல்லது. மொழிபெயர்த்தது யார் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் மட்டும் தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் 'நான்', 'நீ' என்பதை மாற்றிச் சொல்வார்கள் என்று ஆங்கிலப் பட்டியல்கள் சொல்லும். தமிழில் 'நான்', 'நீ' இல்லாமலே வசனம் முடிந்துவிடும், ஆகவே அந்தச் சொற்களைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள். தாகம் எடுத்த பிள்ளை குவளையை நீட்டி "தண்ணி குடிக்கிறியா?" என்கிறது. அம்மா வழமையாகக் கேட்கும் அதே வசனம், அதே ராகம். பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. அதனால் "பிள்ளை தண்ணி கேட்டது" என்று நீங்கள் சுருக்கி மொழிபெயர்த்தால் அந்த அறிகுறி அங்கேயே தொலைந்துபோகும். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது, யாரிடம், எதற்காகச் சொன்னது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். ஐம்பது சொல் தெரியும் என்ற கணக்கை விட, கேட்பதற்கு எத்தனை, காட்டுவதற்கு எத்தனை, தனக்குள் சொல்லிக்கொண்டே திரிவதற்கு எத்தனை என்ற கணக்குத்தான் டொக்டருக்குத் தேவை. இருபது வரை ஆங்கிலத்தில் எண்ணி, நிறமெல்லாம் சொல்லி, "அம்மா இங்க வா" என்று ஒரு நாளும் கூப்பிடாத பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று கொண்டாடிக் காலம் போக்கிய வீடுகள் கொஞ்சமில்லை.

'தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள்' என்ற ஆலோசனை இன்னும் கொடுக்கப்படுகிறது. இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் பிந்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவுக்குத் தெரியாத மொழியில் பிள்ளையை வளர்த்தால், நாள் முழுக்க அதோடு கதைக்கக்கூடிய ஆளைத்தான் இழக்கிறோம்.

பூசி மெழுகிய பெயர்கள்

"ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்" என்பதில் தொடங்கும். டொக்டர் ஓட்டிசம் என்று எழுத வாயெடுத்தால், "இப்ப அதைப் போட வேணாம் டொக்டர், அக்காவுக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்று வீட்டிலிருந்தே கேட்பார்கள். அவரும் இரங்கி 'ஓட்டிசத்தின் சாயல்' என்றோ 'பேச்சுத் தாமதம்' என்றோ எழுதுவார். பிள்ளை அடுத்த இடத்துக்குப் போகும்போது அந்தக் கடிதம் மட்டும்தான் கூடப் போகும், நெஞ்சில் இருந்த எண்ணம் போகாது. வாரம் ஒரு தரம் அரை மணித்தியாலப் பேச்சுப் பயிற்சி என்று இரண்டு வருடம் ஓடும். கண்ணைப் பார்த்து விளையாடுவதையோ, தன் தேவையைக் காட்டுவதையோ யாரும் இலக்காக எடுத்திருக்க மாட்டார்கள். ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் உரிமை. கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வைப்பது பிள்ளைக்கு நாம் பட்ட கடன். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

இன்னொன்று 'வேர்ச்சுவல் ஓட்டிசம்'. போன் பார்த்து வந்தது, போனை எடுத்தால் போய்விடும் என்பார்கள். டிஎஸ்எம்மிலும் இல்லை, ஐசிடியிலும் இல்லை, அப்படி ஒரு பெயர். போனைக் குறைப்பது நல்லதுதான், இன்றே குறையுங்கள். ஆனால் 'மூன்று மாதம் போன் இல்லாமல் பார்ப்போம்' என்று கிளினிக் திகதியைத் தள்ளிவைக்காதீர்கள். காது டெஸ்டையும் தள்ளிவைக்காதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. கதவு மணிக்குத் திரும்புகிறதே என்று விடவும் கூடாது. சில சத்தங்கள் கேட்டு, பேச்சின் மெல்லிய சத்தங்கள் கேட்காமல் இருக்கலாம்.

கற்ற சொல்லையோ கைவேலையையோ பிள்ளை இழக்கத் தொடங்கினால் மட்டும் பெயரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்டுங்கள். பெண் பிள்ளை கையால் பிடிக்கிறதை விட்டுவிட்டு, கைகளைத் துணி பிழிவதுபோல் பிசைந்துகொண்டே இருந்தால் ரெட் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாள்

குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாகக் கடிதம் எடுத்துப் போவது ஒரு வழி. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைதான் கொழும்பில் பெரும்பாலானோர் போய்ச் சேரும் இடம். கிளினிக்கில் கிடைக்கும் நேரம் குறைவு. அதற்குள் பிள்ளை மேசைக்குக் கீழே போய்விடும், அல்லது காற்றாடியைப் பார்த்தபடி நிற்கும். ஆகவே வீடியோ கொண்டுபோங்கள். மூன்று போதும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒன்று, பிள்ளை விளையாடும்போது பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது: ஐந்து விநாடி இடைவெளி விட்டு மூன்று தரம், தோளில் தட்டாமல். இன்னொன்று, தனியே விளையாடுவது. மற்றது, சாப்பாட்டு நேரம். "டொக்டருக்குக் காட்ட, வடிவாச் செய்" என்று பின்னாலிருந்து சொன்னால் அந்த வீடியோ வீண்.

இரண்டாவது அபிப்பிராயத்துக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டை ஒளிப்பது நம்மவர்களின் வழக்கம், புதியவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. அப்படிச் செய்தால் சில மாதத்துக்குள் அதே டெஸ்டைத் திரும்பச் செய்துவிடுவார்கள். பழகிய கேள்விக்குப் பிள்ளை பழகிய விடையைச் சொல்லும், புள்ளி ஏறும், நாமும் முன்னேற்றம் என்று மகிழ்வோம்.

சென்னைக்குப் போய் எடுத்து வந்த ரிப்போர்ட்டில் சதவீதம் போட்டிருக்கும். 40 விடயங்களுக்கு 40 முதல் 200 வரை புள்ளி போடும் இந்திய அளவுகோலில் எடுத்து, அந்த நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ்ச் சான்றிதழ் கொடுக்கப் பாவிப்பது அது. இங்கே இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேறு. அந்தச் சதவீதத்தை நிலை 1, 2, 3 ஆக மாற்றும் கணக்கும் கிடையாது. லண்டனில் இருக்கும் சித்தி 'இங்க கண்டிஷன் எண்டுதான் சொல்லுவினம், கோளாறு எண்டு சொல்ல மாட்டினம்' என்றால், அது அங்கே விரும்பிப் பாவிக்கும் சொல். நிர்ணயம் மாறிவிடவில்லை.

பாடசாலைக்குக் கொடுக்கும் கடிதத்தில் பெயர் ஒரு வரி போதும், மீதி பிள்ளைக்கு என்ன தேவை என்பதாக இருக்கட்டும். முதலாம் ஆண்டுக்கு ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்பதால், நாலரை வயதிலேயே கடிதத்துக்குத் திகதி எடுக்க வேண்டும். டொக்டரிடம் கேட்டு எழுதுவிக்க வேண்டியது இந்த மாதிரி: 'நீண்ட கட்டளையை இரண்டு துண்டாகச் சொன்னால் செய்வான். மணி அடிக்கும்போது காதைப் பொத்துவான், முன்கூட்டிச் சொன்னால் தாங்குவான். கழிவறைக்குப் போக வேண்டும் என்று வாயால் சொல்ல மாட்டான், பட அட்டையை எடுத்துக் காட்டுவான்.' முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சருக்கு நிலை 2 என்ற சொல்லால் ஒரு வேலையும் ஆகாது, அந்தப் பட அட்டையால் ஆகும். கடிதத்தை வாங்கியதும் அந்த இடத்திலேயே பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எச் கூடும், ஒரு ஏ குறையும். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாத கடிதத்தைப் பிறகு பரீட்சைக்கு விசேட வசதி கேட்கும்போதோ வீசாவுக்கோ காட்டினால், இது யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள்.

பழைய கடிதங்களை, பெயர் மாறிவிட்டதே என்று வீசாதீர்கள். அறிகுறிகள் 'இப்போதோ அல்லது கடந்த காலத்திலோ' இருந்தால் போதும் என்பது டிஎஸ்எம்-5 இன் விதி. பதினைந்து வயதில் பிள்ளை கண்ணைப் பார்த்துக் கதைக்கப் பழகியிருக்கும், கைகளை ஆட்டுவதைப் பொக்கட்டுக்குள் ஒளிக்கப் பழகியிருக்கும். அன்று அதைப் பார்க்கும் புதிய டொக்டருக்கு, மூன்று வயதில் அது எப்படி இருந்தது என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் தாள்தான் சாட்சி. ஆகவே பிறந்தபோது கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் திகதி வரிசையில் வையுங்கள். முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை: திகதி, அன்றைய வயது வருடமும் மாதமுமாக, பார்த்தவரின் பதவி, எழுதிய பெயர், எந்த டெஸ்ட், எந்த மொழியில், ஏன் மாற்றினார்கள். தனியார் இடங்களில் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு மை ஒன்றிரண்டு வருடத்தில் வெளிறிவிடும், கையோடு போட்டோ கொப்பி எடுங்கள். மூன்று வயது வீடியோக்களைப் பழைய போனில் விடாதீர்கள். அந்தப் போனைத்தான் பிள்ளை தண்ணி வாளிக்குள் போடும்.